விரல்களுக்குத் தெரிந்த வரலாறு

"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் மக்கா, நீ மயிலாடிக்காரன்தானே" என்று மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன் போனில் கேட்டார். மயிலாடிக்காரன் என்றால் வரலாறு எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. 1809-ல் ரிங்கல்தௌபே ஐயர் எங்கள் ஊரில் பள்ளி தொடங்கிய கதையும், கல்லைச் சிலையாக்கும் எங்கள் சிற்பக் கூடங்களின் கதையும் ஏற்கெனவே பலருக்குத் தெரிந்தவை. அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. நான் கம்ப்யூட்டரில் கோடு எழுதிப் பிழைப்பவன். ராஜா, திவான் கதை எனக்கு வராது. ஆனால் நம் கல்லூரியில் படித்த எல்லோருடைய விரல்களிலும் ஒரு வரலாறு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதினதாகத் தெரியவில்லை. அதை எழுதலாம் என்று துணிந்தேன்.

முன்னாள் மாணவர்களுக்கு முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எழுதிய புரோகிராமைச் சேமிக்க எந்த விசை? எஃப்-2. ஓட்டிப் பார்க்க? கன்ட்ரோல்-எஃப்-9. விடை என்ன வந்தது என்று பார்க்க? ஆல்ட்-எஃப்-5. வாய் சொல்வதற்கு முன்னாலேயே விரல் அசைந்திருக்கும். அதே செமஸ்டரில் படித்த கணக்குச் சூத்திரம் ஒன்றைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் விட்டத்தைப் பார்ப்போம்.

நான் முதலாமாண்டு சேர்ந்தது 2000-களின் பிற்பகுதியில். லேப் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள்ளே கறுப்பு ஜன்னலைத் திறந்தால் டர்போ சி++. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அந்த மென்பொருள் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. ஏறக்குறைய என் வயசு. உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பாதிக்கு மேல் அந்த நீலத் திரையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன என்று பின்னால் வேலைக்குப் போன இடத்தில் மற்ற கல்லூரிக்காரர்களோடு பேசியபோது தெரிந்தது. அது சரியா தப்பா என்ற வாதம் தனி. எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி வேறு. அந்த விசைகளை யார் தீர்மானித்தார்கள்? ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்க கன்ட்ரோல்-கே-பி, கன்ட்ரோல்-கே-கே என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அந்த 'கே' எங்கிருந்து வந்தது?

தேடிப் போனபோது தெரிந்தது இதுதான்: ஒவ்வொரு குறுக்குவிசைக்குப் பின்னாலும் ஒரு மெஷினின் இல்லாமை இருக்கிறது. அம்புக்குறி இல்லாத கீபோர்டு, ஆமை வேகத்து டெலிபோன் லைன், மவுஸ் இல்லாத மேஜை. இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழிகள் அவை. நமக்கு அவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏ எஸ் டி எஃப்

கதையை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஆரம்பிப்பதே முறை. நாஞ்சில் நாட்டில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ எழுதி முடித்த லீவில் பிள்ளைகளை டைப் கிளாசுக்கு அனுப்புவது ஒரு சடங்கு மாதிரி. எங்கள் ஊரில் ஒரு பக்கம் உளிச் சத்தம், இன்னொரு பக்கம் ரெமிங்டன் சத்தம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று முதல் வாரம் முழுக்க அதே ஒரு வரி. கீழே பார்த்தால் ஸ்கேல் வரும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. ஐந்து தட்டல் ஒரு வார்த்தை. ஆக, ஹையர் பாஸ் பண்ணியவர் ஒரு நிமிடத்தில் 225 தட்டல், அதாவது கால் வினாடிக்குச் சற்றே மேல் ஒரு தட்டல். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் மாற்றாமல் வைத்திருக்கும் இந்த எழுத்து வரிசை 1870-களில் ஷோல்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கி ரெமிங்டன் கம்பெனி விற்றது. கீழே பார்க்காமல் பத்து விரலாலும் அடிக்கலாம் என்பது அதோடு கூடவே வந்ததல்ல. 1888-ல் சின்சினாட்டி நகரில் நடந்த ஒரு போட்டியில் ஃபிராங்க் மெக்கரின் என்பவர் விசைகளைப் பாராமல் அடித்து ஜெயித்த பிறகுதான் அந்த முறைக்கு உலகமெங்கும் மவுசு ஏற்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் மீட் ஐயர் தொடங்கிய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களுக்கும் இதே வித்தைதான் பிழைப்பாக இருந்திருக்கும். அடிக்கடி வேண்டிய எழுத்து கைக்கு அருகே, அபூர்வமானது தூரத்துப் பெட்டியில். கை தானாகப் போகும், கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கண் வேலையில், கை தன் போக்கில். நான் இனி சொல்லப்போகும் அத்தனை விசைகளும் இந்த ஒரு வசதிக்காகத்தான்.

இந்தியாவில் 1955-ல் கோத்ரெஜ் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியது. 2009-ல் உற்பத்தியை நிறுத்தியது. மெஷின் செய்வது நின்ற பிறகும் இன்ஸ்டிடியூட்கள் பழைய மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டின. அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது ஒரு காரணம். கம்ப்யூட்டர் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு கீபோர்டு அறிமுகமானது அங்கேதான் என்பது இன்னொன்று.

லேப்பில் இதன் பலன் தெரிந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். கீபோர்டு யார் முன்னால் இருக்கிறதோ அவர் கற்றுக்கொள்வார், மற்றவர் எட்டிப் பார்ப்பார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த டவுன் பிள்ளைகள்தான் முதல் வாரம் நாற்காலியைப் பிடித்தார்கள். இரண்டாவது மாதம் ஆட்சி மாறியது. தமிழ் மீடியத்தில் படித்து, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த, ஹையர் பாஸ் பண்ணிய சில பெண்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள். கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் கதை வேறு. எங்கள் பேட்சில் ஒருத்தி, ஒருவன் அறுபது வரி எழுதிக் குழப்பி வைத்திருந்த புரோகிராமில் நடுவிலிருந்த லூப்பை அப்படியே தூக்கி மேலே வைத்தாள். கன்ட்ரோல்-கே-பி, கன்ட்ரோல்-கே-கே, கன்ட்ரோல்-கே-வி. கை ஹோம் வரிசையை விட்டு எழவே இல்லை. "எல, மவுஸ் இல்லாம எப்பிடி?" என்று அவன் கேட்டான். "மவுஸ் என்னத்துக்கு? பந்தைத்தான் எவனோ கொண்டு போயிட்டானே" என்றாள். நிஜம்தான். அன்றைய மவுஸின் அடியில் இருந்த ரப்பர் பந்துகள் எந்த லேப்பிலும் அதிக நாள் தங்கியதில்லை.

வினாடிக்கு முப்பது எழுத்து

இனி கடல் தாண்டிப் போவோம். 1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறை வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண். ஏ என்றால் 65, பி என்றால் 66. தொலைவிலுள்ள டெலிடைப் மெஷினுக்கு 'அடுத்த வரிக்குப் போ', 'மணியடி' என்று சொல்லவும் எண்கள் வேண்டுமே. 0 முதல் 31 வரை அதற்கு ஒதுக்கினார்கள். அவற்றை அனுப்பத் தனித்தனி விசை வைக்க இடமில்லை. அதனால் கன்ட்ரோல் என்று ஒரே ஒரு விசை. அதை அழுத்திக்கொண்டு எழுத்தைத் தட்டினால் எண்ணிலிருந்து 64 கழிந்துவிடும். ஜி என்பது 71. 64 போனால் 7. 7 என்றால் மணி. ஹெச் என்றால் 8, ஒரு எழுத்து பின்னே. ஜே என்றால் 10, அடுத்த வரி. இன்றைக்கும் லினக்ஸ் டெர்மினலில் கன்ட்ரோல்-ஜே அழுத்திப் பாருங்கள், என்டர் அழுத்தியது மாதிரி வேலை செய்யும். அறுபது வருஷக் கழித்தல் கணக்கு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

1976-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் என்ற மேற்படிப்பு மாணவர் ஒரு எடிட்டர் எழுதினார். அதுதான் விஐ. அதற்கு முன்னால் யூனிக்ஸில் இருந்த ஈடி என்ற எடிட்டரில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் வரி எண்ணைச் சொல்லி, அச்சடித்துக் காட்டச் சொல்லி, பிறகு மாற்ற வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கடிதம் எழுதுவது போல. லண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ், 'மனிதர்களுக்கான எடிட்டர்' என்று சற்றே குத்தலாகப் பெயர் வைத்த ஈஎம் என்ற எடிட்டரோடு அந்த வருஷம் பெர்க்லிக்கு வந்தார். ஜாய் அதைப் பார்த்தார். அங்கிருந்து அவர் வேலை வளர்ந்தது.

ஜாயின் கையில் இருந்தது 300 பாட் மோடம். வினாடிக்கு முப்பது எழுத்துதான் லைனில் வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து உள்ள திரை முழுக்க நிரம்ப 1920 எழுத்து வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 64 வினாடி. திரையை ஒருமுறை மாற்றி வரைய ஒரு நிமிடத்துக்கு மேல்! அப்படிப்பட்டவன் எழுதும் எடிட்டரில் ஒவ்வொரு தட்டலும் ஒரு காரியம் செய்தே ஆக வேண்டும். அதனால்தான் விஐ-யில் சாதாரண நிலையில் எழுத்து விசைகளே கட்டளைகள். டிடி என்றால் வரி அழியும். ஒய்ஒய் என்றால் வரி பிரதியாகும். சிடபிள்யூ என்றால் ஒரு வார்த்தையை மாற்றலாம். 'மாற்று' என்பதற்கு ஒரு எழுத்து, 'வார்த்தை' என்பதற்கு ஒரு எழுத்து. வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் சேர்ந்த மாதிரி. இந்த இலக்கணம் பிடிபட்டால் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புதியவர்கள் விஐ-யில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் விழிப்பதற்கும் இதுதான் காரணம். எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கட்டளை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் பயன்படுத்திய டெர்மினல் லியர் சீக்லர் கம்பெனியின் ஏடிஎம்-3ஏ. அதில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே இடது, கீழ், மேல், வலது என்று அம்பு அச்சடித்திருந்தது. ஹெச்சும் ஜே-யும் ஏன் என்று மேலே சொன்ன கழித்தல் கணக்கிலேயே விடை இருக்கிறது. இன்று டேப் இருக்கும் இடத்தில் அன்று எஸ்கேப். இப்போதோ அது மூலையில், எட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்தில். 'எதுக்கு இவ்வளவு தள்ளி வச்சான்' என்று விஐ-காரர்கள் திட்டுவது ஜாயை அல்ல, பிறகு வந்த கீபோர்டைத்தான் திட்ட வேண்டும். இன்னொன்று: அந்த டெர்மினலில் 'ஹோம்' என்ற சொல்லும் டில்டே எனும் ~ குறியும் ஒரே விசையில் இருந்தன. யூனிக்ஸில் நம் வீட்டு டைரக்டரிக்கு ~ போடுகிறோமே, அது அங்கிருந்து வந்தது.

அதே 1976-ல் நாட்டின் மறு கோடியில், எம்ஐடி-யில், ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் சேர்ந்து ஈமாக்ஸைத் தொடங்கினார்கள். அது கன்ட்ரோல், மெட்டா விசைகளை நம்பிய வேறொரு கட்சி. விஐ கட்சிக்கும் ஈமாக்ஸ் கட்சிக்கும் நடக்கும் சண்டையில் இறங்கினால் மலர் பக்கம் போதாது. நான் விஐ கட்சி என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

நீலத் திரை

நம் 'கே'க்கு வருவோம். 1978-ல் மைக்ரோப்ரோ என்ற கம்பெனி வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருளை வெளியிட்டது. எழுதியவர் ராப் பார்னபி. அன்றைய பல கம்ப்யூட்டர்களில் அம்பு விசை கிடையாது, ஒவ்வொன்றிலும் ஃபங்க்ஷன் விசைகள் வேறு வேறு. எதிலும் இருக்கும் என்று நம்பக்கூடியது கன்ட்ரோலும் எழுத்துகளும்தான். கன்ட்ரோல் அன்று ஏ எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் இடது கையின் கீழே ஒரு வைர வடிவம் போட்டார்: ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடப்புறம், டி வலப்புறம். அதற்கு வெளியே ஏ என்றால் ஒரு வார்த்தை இடது, எஃப் என்றால் ஒரு வார்த்தை வலது. இடம் பார்த்து வைத்த விசைகள் அவை. பெயரின் முதலெழுத்து பார்த்து வைத்தவை அல்ல. விசைகள் தீர்ந்துபோனபோது கே, கியூ இரண்டையும் முன்னொட்டாக்கினார்கள். கே என்றால் பத்தி சம்பந்தப்பட்டதும் ஃபைல் சம்பந்தப்பட்டதும். கியூ என்றால் விரைவு. டைப் கிளாஸ் முடித்த விரலுக்கு இது தேன் மாதிரி. வேர்ட்ஸ்டார் உலகெங்கும் டைப்பிஸ்டுகளிடம் பரவியது. நம் நாட்டிலும் 1980-களின் கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு வைத்த இடத்தில் டாஸ், வேர்ட்ஸ்டார், டிபேஸ், லோட்டஸ் என்ற நான்கும் கற்றுத் தருவார்கள். நம் மூத்த பேட்ச் அண்ணன்மார் அக்காமாருக்கு நினைவிருக்கும்.

1983-ல் போர்லாண்ட் கம்பெனி டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளை 49.95 டாலருக்கு விற்றது. மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலர் விற்ற காலம். அதை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் என்ற டென்மார்க்காரர். எடிட்டரும் கம்பைலரும் ஒரே திரையில். அந்த எடிட்டருக்கு என்ன விசைகள் வைப்பது? எல்லோருக்கும் பழக்கமான வேர்ட்ஸ்டார் விசைகளையே வைத்துவிட்டார்கள். 1987-ல் டர்போ சி வந்தபோது அதிலும் அதே விசைகள். ஆக, மயிலாடியிலிருந்து பஸ் ஏறிப் போன ஒரு பிள்ளை 2008-ல் கன்ட்ரோல்-கே-பி அடித்தது, அம்புக்குறி இல்லாத 1978-ம் வருஷத்து கம்ப்யூட்டர் ஒன்றின் குறையைச் சரிக்கட்ட. நடுவில் மெஷின் மூன்று தலைமுறை மாறிவிட்டது.

டர்போவின் நல்ல விசைகள் பலவற்றை நம்மில் அநேகர் தொட்டதே இல்லை. கன்ட்ரோல்-ஒய் வரியை அழிக்கும், கன்ட்ரோல்-டி வார்த்தையை அழிக்கும், அதாவது டீ என்ற எழுத்து, ஃபாதர் 'டி' அல்ல. அடைப்புக்குறியின் மேல் நின்று கன்ட்ரோல்-கியூ-[ அடித்தால் அதன் ஜோடிக்குத் தாவும். 'காம்பௌண்ட் ஸ்டேட்மென்ட் மிஸ்ஸிங் }' என்று திட்டு வாங்கிக்கொண்டே முழுப் புரோகிராமையும் விரலால் எண்ணினோமே, அதற்கு மருந்து அங்கேயே இருந்தது. லேப் நோட்டில் எஃப்-2-ம் எஃப்-9-ம் இருந்தன, இது இல்லை. புரோகிராமை நோட்டிலிருந்து பார்த்து அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அடித்ததைத் திருத்தும் வித்தைக்குப் பாடத்திட்டத்தில் மணி நேரம் ஒதுக்கவில்லை. வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, புதிதாக எழுதும் நேரத்தைவிடப் பிறர் எழுதியதைப் படித்துத் திருத்தும் நேரம்தான் அதிகம் என்று.

மவுஸின் கட்சி

எதிர்க்கட்சி பக்கத்தையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் நடுவில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எடிட்டரைச் செய்தார்கள். வெட்டு, ஒட்டு என்று இன்று சின்னக் குழந்தையும் செய்யும் காரியம் அங்கே உருப்பெற்றது. ஒரு விசைக்கு நிலைக்கு நிலை வேறு வேறு பொருள் இருப்பது டெஸ்லருக்குப் பிடிக்காது. விஐ-க்கு நேர் எதிர்க் கொள்கை. பின்னர் அவர் ஆப்பிளுக்குப் போனார். 1983-ல் வந்த லிசா கம்ப்யூட்டரிலும் அடுத்த வருஷம் வந்த மெக்கின்டாஷிலும் இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகள் கீழ் வரிசையில் ஒட்டியொட்டி உட்கார்ந்தன. வலது கை மவுஸில், இடது கை இந்த நான்கில். 1984 மெக்கின்டாஷ் கீபோர்டில் அம்பு விசை கிடையாது. ஏடிஎம்-3ஏ-யில் இல்லாதது சிக்கனத்துக்காக. இங்கே இல்லாதது, ஜனங்கள் மவுஸைப் பிடித்தே தீர வேண்டும் என்ற வைராக்கியத்துக்காக.

மெக்கின்டாஷில் இதற்கென்றே கமாண்ட் என்ற தனி விசை உண்டு. ஐபிஎம் 1987-ல் வகுத்த முறையில் ஷிஃப்ட்-டெலீட், கன்ட்ரோல்-இன்செர்ட், ஷிஃப்ட்-இன்செர்ட் என்று இருந்தது. நம் டர்போ சி++ மெனுவிலும் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் விண்டோஸ் ஆப்பிளின் நான்கு எழுத்துகளை எடுத்துக்கொண்டபோது கன்ட்ரோலோடு சேர்த்துவிட்டது. ஆனால் கன்ட்ரோல்-சி-க்கு டெர்மினலில் வேறு வேலை இருந்தது: ஓடும் புரோகிராமை நிறுத்துவது. லினக்ஸ் டெர்மினலில் காப்பி பண்ணப் போய் புரோகிராமையே கொன்றுவிடும் இன்றைய மாணவர்களே, இரண்டு வம்சத்து வாரிசுகள் ஒரே விசைக்கு உரிமை கொண்டாடும் வழக்கு அது.

மவுஸா, விசையா, எது வேகம்? இதற்கு வெறும் வாய்ச்சண்டை வேண்டாம், கணக்கு இருக்கிறது. மவுஸை வளர்த்த அதே பார்க் கூடத்தைச் சேர்ந்த கார்டும் மோரனும், அவர்களோடு ஆலன் நியூவெல்லும் 1980-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரி நேரங்களைக் கொடுத்திருக்கிறார்கள். மவுஸுக்குக் கையைக் கொண்டுபோக 0.4 வினாடி. ஒன்றைச் சுட்ட 1.1 வினாடி. நிமிடத்துக்கு 40 வார்த்தை அடிப்பவருக்கு ஒரு தட்டல் 0.28 வினாடி. நம் ஹையர் கணக்கு கிட்டத்தட்ட அங்கேதான் வருகிறது, பாருங்கள். மெனுவைத் திறந்து 'காப்பி'யைத் தொட்டுத் திரும்பி வர, போக 0.4, சுட்ட இரண்டு முறை 1.1, திரும்ப 0.4. சொடுக்குகளை விட்டாலே 3 வினாடி. விசை என்றால் இரண்டு தட்டல், 0.56. ஆனால் அதே ஆய்வில் 'யோசிக்க' என்று 1.35 வினாடி தனியாகப் போட்டிருக்கிறார்கள். எந்த விசை என்று ஒவ்வொரு முறையும் யோசித்தால் லாபத்தில் பாதி போய்விடும். ஆப்பிளின் புரூஸ் டாக்னாசினி 1989-ல், விசை பிடிப்பவருக்கு வேகமாகச் செய்வதாகத் தோன்றும், கடிகாரம் வைத்துப் பார்த்தால் மவுஸே முந்துகிறது என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். யோசித்து அழுத்துபவரைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. யோசிக்காமல் அழுத்துபவருக்குப் பொருந்தாது. டைப் கிளாசில் ஒரே வரியை ஒரு வாரம் அடிக்க வைத்தது அந்த 1.35 வினாடியைத் துடைத்தெறியத்தான்.

நம் எழுத்தும் நான்கு விசையும்

தமிழில் இதே கதை நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்கித் தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கினார், ஜெர்மனியில் தயாரானது. புள்ளியை நகராத விசையாக வைத்தால் ஒரு விசை எத்தனை எழுத்துக்கு வேலை செய்யும்! அதற்கு விலை, எழுத்துக்கு முன்னாலேயே புள்ளியை அடிக்க வேண்டும். தமிழ் லோயர் படித்தவர்களுக்கு இது கை தானாகச் செய்யும் காரியம். மற்றவர்களுக்குத் தலை சுற்றும்.

1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. தமிழக அரசு அதே வருஷம் ஜூனில் அதைத் தரமாக அறிவித்தது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டல். புள்ளிக்கென்று கை போகவே வேண்டாம். தட்டலை மிச்சம் பிடிப்பதில் பில் ஜாய்க்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால் ஹெச், ஜே, கே, எல் விசைகளில் தமிழ் 99-ல் இருப்பவை க, ப, ம, த. வலது கை இளைப்பாறும் இடம் எதுவோ அங்கேதான் இருவரும் அடிக்கடி வேண்டியதை வைத்திருக்கிறார்கள். இதனால் ஒரு தொல்லையும் உண்டு. தமிழில் குறிப்பு எழுதிவிட்டு விசைப்பலகையை மாற்ற மறந்து விஐ-யில் கீழே இறங்க ஜே அடித்தால் 'ப' போகும், அது என்னவென்று எடிட்டருக்குத் தெரியாது. விஐ-யின் வாரிசான விம்-மில் கீமேப் என்ற வசதி இருக்கிறது. எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம் என்று அதுவே பிரித்துக்கொள்ளும்.

அந்த விம்-மை 1991-ல் வெளியிட்டவர் பிராம் மூலெனார் என்ற நெதர்லாந்துக்காரர். இலவசம். விரும்பினால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று முதல் திரையிலேயே ஒரு வரி. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டிக் காத்தார். 2023 ஆகஸ்டில் காலமானார். லாரி டெஸ்லர் அதற்கு முன்பே 2020 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். நாம் தினமும் நூறு முறை தொடும் விசைகளை வைத்தவர்கள், நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் தெரியும்?

இப்போது படிக்கிறவர்களுக்கு

லேப்பில் இப்போது நீலத் திரை கிடையாது. 2015-ல் வந்த விஎஸ் கோட் போன்றவைதான். அது எழுதப்பட்டிருக்கும் மொழி டைப்ஸ்கிரிப்ட். அந்த மொழியை வடிவமைத்ததில் முதல் பெயர், நம் நீலத் திரைக்கு வழி போட்ட அதே ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க். அதில் ஆல்ட்டை அழுத்தி மேல் அம்பு, கீழ் அம்பு தட்டினால் வரி இடம் மாறும். கன்ட்ரோல்-டி, இம்முறை டெல்லி 'டி', ஒரே சொல்லை வரிசையாகப் பல இடங்களில் பிடித்து ஒரே அடியில் திருத்தும். கன்ட்ரோலும் / குறியும் வரியைக் குறிப்பாக்கும். இந்த மூன்றும் விரலில் ஏறினாலே முதல் வேலையில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

கோடை மெஷினே எழுதித் தரும் காலத்தில் இது எதற்கு என்று தம்பி ஒருவன் கேட்டான். அது எழுதித் தருவதைப் படித்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதை இடம் மாற்றுவது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. அதுவும் ஒருவேளை மாறலாம், நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்தில் நெட் இழுத்துப் பறிக்கும் நாளில் ஊரில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் சர்வரில் ஒரு வரியைத் திருத்த வேண்டி வரும்போது, படம் காட்டும் எடிட்டர் எல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கும். கறுப்புத் திரையில் விஐ மட்டும் நகரும். அது 300 பாட் லைனுக்குப் பிறந்த பிள்ளை.

லேப்டாப் வாங்க வழியில்லாமல் போனில் மட்டும் கோடு படித்துவிட்டு முதலாமாண்டு வரும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. கட்டை விரலால் அடித்துப் பழகியவர்களுக்குப் பத்து விரலையும் பழக்க லேப்பில் முதல் இரண்டு வாரம் ஒதுக்க முடியுமா என்று சங்கத்தார் கல்லூரியோடு பேசிப் பார்க்கலாம். டைப் கிளாஸ் செய்ததைச் செய்ய இப்போது ஆள் குறைவு. செலவும் பெரிதாக இல்லை, பழைய கீபோர்டுகளே போதும்.

கடைசியாக, பழைய பேட்ச்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டர்போவில் வரியை அழித்த கன்ட்ரோல்-ஒய், விஎஸ் கோடில் ரத்து செய்ததைத் திரும்பக் கொண்டுவரும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு அடிப்படையான இன்டெல்லிஜே-யின் இயல்பு அமைப்பிலோ இன்னும் வரியைத்தான் அழிக்கும். பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து "அந்தக் காலத்துல நாங்க..." என்று காட்டப் போகும் முன், எந்த எடிட்டர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.